அவள் வெட்டாத காய்

கம்பெனியில் புதிதாக ஓர் ஆப் கொடுத்திருக்கிறார்கள். துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் இனிமேல் அதில் பதிவு செய்துதான் டோக்கன் வாங்க வேண்டுமாம். காகிதச் சீட்டு கிடையாது. எல்லா டிரைவர்களும் போனில் ஏற்றிக்கொண்டார்கள். என் போனில் மட்டும் ஏறவில்லை. இடமில்லை, இடமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தது.

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"இன்னா நைனா, போனு மூச்சு வுடவே எடமில்லியே. நியூஸு, மழை, ரேடியோ, கதை, கப்பலு... கப்பல் ஆப்பு இன்னாத்துக்கு? நீ இன்னா கேப்டனா?"

நான் சிரித்து வைத்தேன்.

"பாதிக்கு மேல தொட்டே மாசக்கணக்காவுது. இந்த லூடோதான் ரொம்ப எடத்த அடைச்சிக்கினு கீது. மொதல்ல இத்த தூக்குவோம்."

அவருடைய கட்டைவிரல் அந்தப் படத்தின் மேல் இறங்குவதற்குள் போனைப் பிடுங்கிவிட்டேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். கடைக்காரர் என் முகத்தையே பார்த்தார்.

"நானே பாத்துத் தூக்கிடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். ரோட்டைத் தாண்டி, கடல் அரிக்காமல் இருக்கப் போட்டிருக்கும் பாறைகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். எல்லாமே இலவச ஆப்கள். ஒன்றுக்கும் காசு கொடுத்ததில்லை. எதை எடுக்கலாம் என்று தள்ளிப் பார்த்தால், ஒவ்வொன்றிலும் என் மனைவி இருந்தாள்.

நான் அதிகம் பேசாதவன். பத்தாவது வரை படித்தேன். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் கால் நடுங்கும். எழுத்து தெரியும், வாய் வராது. லாரி ஓட்டுவதில் எனக்குப் பிடித்ததே கேபினில் தனியாக இருக்கலாம் என்பதுதான். மற்ற டிரைவர்கள் டீக்கடையில் கூடி நின்று ஊர்க்கதை பேசும்போது நான் வண்டியிலேயே இருப்பேன். எனக்குச் சாமியார் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் குப்பங்களும் கம்பெனிச் சுவர்களும், நடுவில் நாங்கள். காலையில் நின்ற இடத்திலேயே சாயங்காலமும் நிற்கிற நாட்கள் உண்டு. அங்கே எங்களுக்குள் ஒரு வழக்கம் இருக்கிறது. முன்னால் இருக்கும் டிரைவர் தூங்கிவிட்டாலோ, குளிக்கப் போய்விட்டாலோ, பின்னால் இருப்பவர் இறங்கி வந்து அவருடைய வண்டியையும் நகர்த்தி வைப்பார். இல்லாவிட்டால் அந்த இடைவெளியில் வேறு ஒருவன் மூக்கை நுழைத்துவிடுவான். அதனால் சாவியை எப்போதும் வண்டியிலேயே விட்டு வைப்போம். தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லா வண்டியிலும் ஆள் இருக்கிற மாதிரிதான் தெரியும்.

எனக்குப் பின்னால் பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் நிற்பார். ஒரே கம்பெனி, ஒரே கன்டெய்னர் யார்டு. என் வண்டியை அவர் நகர்த்துவார், அவர் வண்டியை நான் நகர்த்துவேன். அவருக்கும் எனக்கும் அவ்வளவுதான் பழக்கம். ஆனால் அது பெரிய பழக்கம்.

போன் வாங்கியபோது முதலில் நியூஸ் ஆப்தான் போட்டேன். பிறகு மழை வருமா என்று சொல்லும் ஆப். தார்ப்பாய் கட்ட வேண்டிய வண்டி ஓட்டிய காலத்தில் வந்த பழக்கம் அது. கப்பல் ஆப்பைக் கண்டுபிடித்தது என் மனைவி. நான் புதுப் போன் வாங்கியதும் பழையதை அவள் எடுத்துக்கொண்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. பகல் முழுவதும் அவள் மட்டும்தான் வீட்டில். எதிர் வீட்டு அக்கா யாரிடமோ கேட்டு அவளுக்கு அதைப் போட்டுக் கொடுத்திருந்தாள். கடலில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்கள் எல்லாம் அதில் சின்னச் சின்ன அம்புகளாகத் தெரியும். தொட்டால் பெயர், எந்த நாடு, எங்கிருந்து வருகிறது எல்லாம் வரும். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இதே பாறைகளுக்கு வருவோம். அவள் போனைக் கடலுக்கு நேராகப் பிடிப்பாள்.

"யோவ், அதோ செவப்பா நிக்குது பாரு, அது எங்கேர்ந்து வருதுன்னு சொல்லு பாப்போம்."

"தெரியாது."

"போன பாக்காம சொல்லுயா. ஒரு குத்துமதிப்பா சொல்லேன்."

"சிங்கப்பூர்."

"நீ எதுக்கும் சிங்கப்பூர்தான் சொல்லுவ. வேற ஊரே தெரியாதா ஒனக்கு?"

வேலை நாட்களில் அந்த ஆப்பை வைத்து நான் எப்போது வீடு வருவேன் என்று கணக்குப் போடுவாள். கப்பல் உள்ளே வந்தால் வண்டி நகரும், கப்பல் வெளியிலேயே நின்றால் நானும் நிற்பேன். காலையிலேயே போன் வரும். "ஒன்னோட கப்பலு இன்னும் நடுக்கடல்ல தூங்கிகினு கீது. ராவுக்கு மீன் கொழம்பு வெக்கல. நாளைக்கு வெச்சிக்கலாம்." கம்பெனி சூப்பர்வைசர் சொல்வதைவிட அவள் சொல்வது சரியாக இருக்கும்.

கதை ஆப் என்னுடையது. யார் யாரோ எழுதிய தொடர்கதைகள். இலவசமாகப் படிக்கலாம், ஆனால் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். அடுத்த பாகம் நாளைக்குத்தான் திறக்கும். அவள் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்துக்கூட்டிப் படிப்பாள். அந்த ஆப்பிலேயே ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு பெண் குரல் படித்துக் காட்டும். மெஷின் குரல். கல்யாணமானாலும் கருமாதியானாலும் அதற்கு ஒரே ராகம்தான்.

"இவ இன்னாயா, ரயில்வே ஸ்டேஷன்ல வண்டி வருதுன்னு சொல்ற மாதிரி சொல்றா. அந்தப் பொண்ணோட புருசன் செத்துகினு கீறான், இவளுக்கு ஒரு பதட்டமே இல்ல பாரு" என்பாள். "நீ படியேன்."

நான் படிக்க மாட்டேன். பெண்டாட்டி முன்னால்கூட எனக்கு வாய் வராது. மெஷின் பெண்ணிடமே விட்டுவிடுவேன். பாகம் பாதியில் நின்றதும் அவளே மீதிக் கதையைச் சொல்லிவிடுவாள். அவள் சொன்ன மாதிரி ஒரு நாளும் நடக்காது. மறுநாள் பாகம் திறந்ததும், "எழுதினவனுக்கு ஒண்ணும் தெரியல" என்று திட்டுவாள். அவள் கதைதான் நன்றாக இருக்கும்.

லூடோ வந்தது அதற்கெல்லாம் பிறகு. வரிசையில் நிற்கும்போது நானும் வீட்டிலிருந்து அவளும் ஆடலாம். அவள் பச்சை, நான் நீலம். வியாசர்பாடி ஹவுசிங் போர்டில், பந்து விளையாடும் அண்ணன் தம்பிகளுக்கு நடுவில் வளர்ந்தவள். தோற்பது அவளுக்கு ஆகாது. ஆரம்பத்தில் என் காய்களை வெட்டித் தள்ளினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கோழிக்குஞ்சுப் படம் அனுப்புவாள். ஆப்பில் ரோஜா, அழுகிற முகம் என்று எவ்வளவோ இருந்தாலும் அவளுக்குக் கோழிக்குஞ்சுதான்.

ஒரு நாள் என் மூன்று காய்களை வரிசையாக வெட்டிவிட்டுக் குஞ்சுகளாக அனுப்பினாள். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். மணலி ரோட்டில் ஒரு பைக் குறுக்கே வந்தது. பிரேக் அடித்ததில் டிரெய்லர் வழுக்கிப் போய் கன்டெய்னர் மூலை ஒரு கம்பத்தில் இடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொன்னேன். அவள் சோற்றுக் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் வெட்டினதுக்கு அப்பாலயா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னாமே சம்பந்தம்?"

"சம்பந்தம் கீதோ இல்லியோ. நீ ரோட்ல கீறப்போ ஒன் காய நான் தொட மாட்டேன்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். நான் வண்டியில் இருக்கும்போது என் காய் அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் நின்றாலும் வேறு காயை நகர்த்துவாள். அதனால் அவள் தோற்றாலும் சரி. நீலக் காயை அவள் வண்டி என்றே சொல்ல ஆரம்பித்தாள். "ஒன் வண்டி மெதுவாப் போவட்டும். நான் அப்டிக்கா போய்க்கிறேன்." ஆனால் வீட்டில் இருந்தால் கதையே வேறு. ஒரே போனை இரண்டு பேருக்கும் நடுவில் தரையில் வைத்து ஆடுகிற முறையும் அதில் உண்டு. அதற்கு நெட் வேண்டாம், நேரக் கெடு கிடையாது. சாப்பிட்டுவிட்டு அப்படி ஆடுவோம். அவ்வளவு நாள் சேர்த்து வைத்ததை எல்லாம் தீர்த்துக்கொள்வாள். வெட்டியதும் என் தொடையில் ஓங்கி ஓர் அடி விழும்.

"வூட்டாண்ட வந்துட்ட இல்ல? இப்ப இன்னா பயம் எனக்கு? வாங்கிக்கோ!"

அவள் வெட்டினால்தான் எனக்கும் வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும்.

அந்த நாளும் எல்லா நாளையும் போலத்தான் இருந்தது. மத்தியானம். வரிசை அசையவில்லை. எண்ணூர் அனல்மின் நிலையப் பக்கமிருந்து வந்த சாம்பல் கண்ணாடியில் படிந்திருந்தது. காலையில் அவள் "தலை கிர்ருங்குது" என்று சொல்லியிருந்தாள். மாத்திரை போட்டுக்கொண்டாளாம், சரியாகிவிட்டதாம். ஆட்டம் தொடங்கியது. வெட்டு இல்லாத நாட்களில் சும்மாவே குஞ்சு அனுப்புவாள். குஞ்சு வந்தது. ஒரு காயைக் கடைசிக் கட்டத்தில் ஏற்றிப் பழம் எடுத்தாள், இன்னொரு குஞ்சு வந்தது. பிறகு குஞ்சு வரவில்லை. எதிர் வீட்டு அக்கா பேச வந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். காய் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் படத்தைச் சுற்றி ஓடும் நேர வட்டம் முடிகிற நேரத்தில்தான் ஒவ்வொரு முறையும் நகர்ந்தது.

அப்போது பச்சைக் காய் வந்து என் நீலக் காயை வெட்டியது.

ஆள் ஆடாமல் விட்டால் அந்த ஆப் தானே ஆடும். அது எனக்குத் தெரியும். நெட் போனால் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் உடனே போன் செய்து, "யோவ், அது நான் ஆடலயா" என்று சொல்லிவிடுவாள். இந்த முறை போன் வரவில்லை. நான் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி செய்தேன். எடுக்கவில்லை.

எதிர் வீட்டு அக்காவுக்குப் போட்டேன். அதுவரை நான் அவளுக்குப் போன் செய்ததே இல்லை.

"யக்கா, எங்க வூட்டாண்ட கொஞ்சம் போய் பாரேன்."

"இன்னாபா, இன்னா ஆச்சி?"

"லூடோல... என் காய வெட்டிட்டா."

"அடப்பாவி, நான் கூட இன்னாவோன்னு பயந்துட்டேன். வெளாட்டுல வெட்டத்தானே செய்வாங்க? ஒனக்கு வேற வேலை இல்லியா?"

"வெட்ட மாட்டாக்கா. நான் வண்டில கீறேன். அவ வெட்ட மாட்டா."

அக்காவுக்கு என்ன புரிந்ததோ. என் குரலைக் கேட்டுத்தான் போயிருக்க வேண்டும். போனைக் காதிலேயே வைத்திருந்தேன். செருப்புச் சத்தம் கேட்டது, கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அக்காவின் அலறல்.

இறங்கி அண்ணாச்சி வண்டிக்கு ஓடினேன். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. "சாவி வண்டிலதான இருக்கு? நீரு போவும்வே, நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அந்தப் பக்கம் போன பைக்கை அவரே நடுரோட்டில் கை நீட்டி நிறுத்தி என்னை ஏற்றிவிட்டார்.

பைக்கில் போகும்போது கையில் இருந்த போன் திடீரென்று பாட்டுப் பாடியது. பார்த்தேன். திரை முழுக்கத் தங்கக் காசுகள் கொட்டிக்கொண்டிருந்தன. எதிரி ஆட்டத்தைவிட்டு வெளியேறிவிட்டார், நீங்கள் வெற்றி பெற்றீர்கள் என்று போட்டிருந்தது.

சமையல்கட்டு வாசற்படியில் விழுந்து கிடந்தாளாம். நான் போவதற்குள் ஆம்புலன்ஸ் வந்திருந்தது.

உயிர் பிழைத்தாள். ஆஸ்பத்திரியில் பல வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தோம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது. "தா... தா..." என்று ஒரு சத்தம் மட்டும் வரும். தண்ணீருக்கும் அதுதான், வலிக்கும் அதுதான். பார்த்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், பொறுமையாகச் சொன்னார்.

"மூளையில பேச்சு இருக்கிற பக்கம் அடிபட்டிருக்குங்க. என்ன புரியுது, யாரைத் தெரியுதுன்னு இப்ப சொல்ல முடியாது. நீங்க அவங்ககிட்ட பேசிக்கிட்டே இருங்க."

என்னைப் பார்த்துச் சொன்னார். பேசிக்கொண்டே இருக்கச் சொல்லி.

லாரியை விட்டு இறங்கினேன். யார்டில் கேட்டுப் பகல் நேரக் கேட் வேலை வாங்கிக்கொண்டேன். பகலில் அக்கா பார்த்துக்கொள்வாள். சாயங்காலம் நான் வந்துவிடுவேன். என்ன பேசுவது என்று தெரியாமல் ஆப்களைப் பேசவிட்டேன். ரேடியோவைத் திறந்து வைத்தேன். மெஷின் பெண்ணைக் கதை சொல்லச் சொன்னேன். இலவச ஆப் ஆயிற்றே, நடுநடுவே விளம்பரம் வரும். நகைக்கடைக்காரன் செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று கத்துவான். அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள்.

ஒரு நாள் மெஷின் குரலை அணைத்துவிட்டு நானே படித்தேன். முதல் பாகம் முழுவதும் தடுக்கித் தடுக்கி. பள்ளிக்கூடத்தில் நடுங்கிய மாதிரியே கால் நடுங்கியது. அதன் பிறகு தினமும் படித்தேன். பாகம் பாதியில் நின்றால், "அப்பால இன்னா ஆவும், சொல்லுமே" என்று கேட்பேன். பதில் வராது. நான் ஏதாவது இட்டுக்கட்டிச் சொல்வேன். எனக்கு அவள் மாதிரி வராது.

என்னை அவளுக்குத் தெரிகிறதா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்வாள். தலை வாரிவிட்டால் காட்டுவாள். ஆனால் மெயின் ரோட்டில் லாரி ஏர் பிரேக் அடிக்கும் சத்தம் கேட்டால் முகம் வாசல் பக்கம் திரும்பும். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

லூடோவைத் திறக்கவே எனக்குப் பயமாக இருந்தது. தங்கக் காசுகளை நான் மறக்கவில்லை. அக்காதான், "வெளாட்டு காட்டிப் பாரேம்பா, அவளுக்குப் புட்ச்சதாச்சே" என்றாள். அவளைச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்து, ஒரே போனில் ஆடும் முறையில் திறந்து மடியில் வைத்தேன். அதில் நேரம் ஓடாது. அவளுக்காக யாரும் ஆட மாட்டார்கள். எவ்வளவு நேரமானாலும் காய் காத்திருக்கும்.

என் முறை முடிந்தது. காத்திருந்தேன். இடது கை ஆட்காட்டி விரல் மெதுவாக எழுந்தது. பகடையைத் தொட்டது. பிறகு பச்சைக் காயைத் தொட்டது. பச்சையை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் என் காய் அவள் காய்க்கு முன்னால் வெட்டுகிற இடத்தில் வந்து நின்றது. சரியான எண்ணும் விழுந்தது. அவள் விரல் அந்தக் காயின் மேல் நின்றது. பிறகு விலகிப் போய் வேறு காயைத் தொட்டது.

"வெட்டல பாத்தியாக்கா! எல்லாம் ஞாபகம் கீது அவளுக்கு!" என்று கத்தினேன். நான் அப்படிக் கத்தி அக்கா கேட்டதே இல்லை.

அக்காவும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கீதுபா, கீது. அல்லாம் கீது" என்றாள்.

அந்தச் சந்தோஷம், எழுந்து போய்ப் பாத்திரம் கழுவும் வரைதான் இருந்தது. தட்டைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது உறைத்தது. நான் வண்டியில் இருந்தால்தான் வெட்ட மாட்டாள். வீட்டில் இருந்தால் வெட்டுவாள். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து அவளைப் பார்த்தேன். வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் கணக்கில் நான் இன்னும் ரோட்டில் இருந்தேன்.

அதன் பிறகு தினமும் ஆடினோம். தினமும் என் காயை அவள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். "ஏமே, நான் வூட்லதான் கீறேன். பாரு, ஒன் பக்கத்துல. வண்டி இல்ல. வெட்டு" என்பேன். சுற்றிக்கொண்டு போய்விடுவாள். யார்டுக்குப் போட்டுப் போகும் காக்கிச் சட்டையால் குழம்புகிறாளோ என்று, வந்ததும் குளித்து லுங்கியும் பனியனுமாக உட்கார்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாதிரி மீன் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். அவள் வைப்பது போல வரவில்லை, ஆனாலும் வாசனை வீடு முழுக்க இருந்தது. ஒரு நாள் அண்ணாச்சி பார்க்க வந்தார். இப்போது என் வண்டியை ஓட்டுகிறவர் அவர்தான். அவரிடம் சாவியை வாங்கி அவள் இடது கையில் வைத்தேன்.

"பாரு, சாவி ஒன்னாண்ட கீது. வண்டி நிக்குது. நான் வந்துட்டேன்."

சாவியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அண்ணாச்சி கிளம்பும்போது அதை வாங்க விரல் விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. "இருக்கட்டும்வே, நான் காத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் வாசலில் போய் நின்றுகொண்டார். சாவி கைக்கு வந்ததும் போனார். அன்றைக்கும் அவள் வெட்டவில்லை.

எனக்கு ஒரு வெட்டு போதும் என்று இருந்தது. பேச்சு வர வேண்டாம், கை வர வேண்டாம். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தால் போதும்.

கடைசியாக ஆடியது ஒரு சாயங்காலம். ஜன்னல் வழியாக வெயில் அவள் மடிமேல் விழுந்திருந்தது. போனில் எதுவும் தெரியவில்லை என்று நான் அந்தப் பக்கமாக நகர்ந்து வெயிலை மறைத்து உட்கார்ந்தேன். தோளோடு தோள் இடித்தது. என் நீலக் காய் ஒன்று வெளியில் தனியாக நின்றது. அதற்கு மூன்று கட்டம் பின்னால் அவளுடைய பச்சை. அவள் பகடையைத் தொட்டாள். மூன்று விழுந்தது.

இந்த முறை வெட்டு என்று நான் சொல்லவில்லை. தினமும் சொல்லிச் சொல்லி அலுத்திருந்தேன். அவள் விரல் எழுந்து பச்சைக் காயின் மேல் வந்து நின்றது. விலகவில்லை. அப்போது மெயின் ரோட்டில் ஒரு லாரி ஏர் பிரேக் அடித்தது. அவள் வாசலைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். என்னுடைய லுங்கியைப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். வாய் கோணலாக இழுத்தது. சிரிப்பா, வழக்கமான இழுப்பா, சொல்லத் தெரியவில்லை.

"தா" என்றாள்.

விரல் திரைக்கு ஓர் இழை மேலே நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு கை தளர்ந்து மடியில் விழுந்தது. களைத்துவிட்டாள் என்று நினைத்துப் படுக்கவைத்தேன். உடம்பு சுட்டது. ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு அக்காவைக் கூப்பிட்டேன். மறுபடி அதே ஆஸ்பத்திரி. இரண்டாவது தடவை மூளையில் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது என்றார்கள். அதற்குப் பிறகு அவள் கண் திறக்கவில்லை.

அவள் வெட்ட இருந்தாளா, இல்லையா என்று நான் யாரிடம் கேட்பது? அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒன் மூஞ்சத்தான பாத்தா? அப்பால இன்னா?" என்றாள். எனக்காகச் சொன்னாள் என்று தெரிந்தது.

காரியம் முடிந்த பிறகு வீட்டில் இருக்க முடியாமல் மறுபடியும் லாரிக்கே போனேன். அதனால்தான் இந்த டோக்கன் ஆப்.

பாறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தேன். நியூஸ் போயிற்று. மழை போயிற்று. ரேடியோ போயிற்று. இடம் போதவில்லை என்றது. கதை ஆப்பைத் திறந்தேன். அவளுக்கு நான் படித்துக்கொண்டிருந்த தொடரில் மேலும் பல பாகங்கள் திறந்து கிடந்தன. படிக்காமலே எடுத்தேன். இன்னும் போதவில்லை. கப்பல் ஆப்பைக் கடைசியாக ஒரு முறை திறந்து கடலுக்கு நேராகப் பிடித்தேன். தூரத்தில் சிவப்பாக ஒன்று நின்றது. சிங்கப்பூர் என்று சொல்லிக்கொண்டு, தொட்டுப் பார்க்காமல் அதையும் எடுத்தேன். டோக்கன் ஆப் ஏறியது.

மறுநாள் வரிசையில் நின்றபோது அண்ணாச்சி இறங்கி வந்து கேபின் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "டோக்கன் ஏறிட்டாவே?" என்றார். தலையாட்டினேன். அவர் போனதும் லூடோவைத் தொட்டேன். பழைய ஆட்டம் பாதியில் இருக்கிறது, தொடரவா, புதிதாகத் தொடங்கவா என்று அது கேட்டது. எப்போதும் அதைத்தான் கேட்கிறது. தொடர் என்பதை அழுத்தினேன். கையால் வெயிலை மறைத்துப் பார்த்தேன். பகடையில் மூன்று. என் காய்க்குப் பின்னால் மூன்று கட்டத்தில் பச்சை. அவள் முறை.

இந்த ஆட்டத்தில் நேரம் ஓடாது. அவளுக்காக அதுவும் ஆடாது, நானும் ஆட மாட்டேன்.

முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. பின்னாலிருந்து அண்ணாச்சி லேசாக ஹாரன் அடித்தார். போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.